கழிந்ததா, கழிக்கப்பட்டதா? லைப்சிக் பல்கலைக்கழகத்தின் பவுலினும் கட்டடம்: ஒரு பார்வை



"பழமையைப் பாதுகாப்பதா, புதுமையை வரவேற்பதா?" இந்தத் தலைப்பில் ஒரு கட்டுரையாவது எழுதாமல் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டிய மாணவர் அநேகமாக யாரும் இல்லை. திருத்தாத ஆசிரியரும் இல்லை. அந்தக் கட்டுரைகள் எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியும். பழமைக்கு ஒரு பத்தி, புதுமைக்கு ஒரு பத்தி, கடைசியில் "பழமையும் புதுமையும் நம் இரு கண்கள்" என்று ஒரு வரி. அதோடு முடிச்சிடுவாங்க. நாமும் பிழை இல்லாமல் இருந்தால் போதும் என்று மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்போம்.

அந்தக் கடைசி வரி தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எதையும் முடிவு செய்யாத வரி. இரண்டும் வேண்டும் என்றால் எது எவ்வளவு வேண்டும்? இரண்டுக்கும் ஒரே இடம்தான் இருக்கிறது என்றால் யார் விட்டுக்கொடுப்பது? இந்தக் கேள்விகளைக் கேட்காமலேயே மாணவர் தப்பித்துவிடுகிறார்.

ஆகவே இந்த முறை ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில், லைப்சிக் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான 'பவுலினும்' என்ற கட்டடம். பழமையும் புதுமையும் ஒரே இடத்துக்காக உண்மையிலேயே சண்டை போட்ட இடம் அது. ஒருவர் பதவி விலகினார், அரசாங்கம் தலையிட்டது, பெயர் வைப்பதற்கே பெரிய வாக்குவாதம் நடந்தது. நான் அங்கே நேரில் போனதில்லை. படங்களையும் வரைபடங்களையும் வைத்துத்தான் பேசுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அதற்கு முன்னால் கொஞ்சம் இலக்கணம்.

முதலில் ஒரு வினைச்சொல்

இந்தத் தலைப்பு வந்தாலே மாணவர்கள் நன்னூலுக்குப் போய்விடுவார்கள். பழையவை போவதும் புதியவை வருவதும் பற்றிய அந்த நூற்பா எல்லாருக்கும் மனப்பாடம். பவணந்தி முனிவர் அதைச் சொல்லதிகாரத்தின் கடைசியில் வைத்திருக்கிறார். அவர் அங்கே கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லை, பண்பாட்டைப் பற்றியும் பேசவில்லை. மொழியைப் பற்றிப் பேசுகிறார். காலப்போக்கில் சில சொற்கள் வழக்கிலிருந்து மறையும், சில புதிதாக வரும், அதை இலக்கணப் பிழையாகக் கொள்ள வேண்டாம் என்பதுதான் கருத்து.

அவர் பயன்படுத்திய வினையைக் கவனியுங்கள். 'கழிதல்', 'புகுதல்'. இரண்டும் தன்வினை. அதாவது, தானாகக் கழிவது, தானாகப் புகுவது. 'கழித்தல்', 'புகுத்தல்' என்று அவர் சொல்லவில்லை. இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஒரு பெரிய நியாயம் அடங்கியிருக்கிறது. பேசுவோர் மெல்ல மெல்லக் கைவிட்டதால் மறைந்த சொல் கழிந்தது. இனிப் பேசக் கூடாது என்று யாரோ ஆணையிட்டு நீக்கிய சொல் கழிக்கப்பட்டது. முதலாவதை இலக்கணம் ஏற்கிறது. இரண்டாவதைப் பற்றி அந்த நூற்பா எதுவும் சொல்லவில்லை.

இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு லைப்சிக் போவோம்.

இருந்தது என்ன?

லைப்சிக் பல்கலைக்கழகம் 1409ல் தொடங்கப்பட்டது. ஜெர்மனியின் மிகப் பழைய பல்கலைக்கழகங்களில் ஒன்று. கோத்தே அங்கே சட்டம் படித்தார். பிற்காலத்தில் ஜெர்மனியின் பிரதமரான ஏஞ்சலா மெர்க்கல் அங்கே இயற்பியல் படித்தார்.

பல்கலைக்கழகத்தைவிட வயதில் மூத்தது அதன் தேவாலயம். டொமினிக்கன் துறவிகளின் மடத்துக்காகக் கட்டப்பட்டு 1240ல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் பால் தேவாலயம் அது. சமயச் சீர்திருத்தக் காலத்தில் மடம் கலைக்கப்பட்டது. 1543ல் கட்டடங்கள் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தன. 1545ல் மார்ட்டின் லூதரே வந்து அதைப் புராட்டஸ்டண்டு தேவாலயமாக அர்ப்பணித்தார். அதன் பிறகு அது வெறும் வழிபாட்டு இடமாக மட்டும் இருக்கவில்லை. பல்கலைக்கழக விழாக்கள் அங்கே நடந்தன. பேராசிரியர்கள் அங்கே புதைக்கப்பட்டார்கள். அவர்களுடைய நினைவுப் பலகைகள் சுவர்களை நிறைத்தன. இசைமேதை பாக் தம்முடைய இசையை அங்கே நிகழ்த்தியிருக்கிறார். மெண்டல்சனின் இறுதிச் சடங்கு 1847ல் அங்கேதான் நடந்தது.

இரண்டாம் உலகப் போரில், 1943 டிசம்பரில் லைப்சிக் மீது குண்டு மழை பொழிந்தது. பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத் தலைமைக் கட்டடமான அகுஸ்டேயும் கடுமையாகச் சேதமடைந்தது. தேவாலயம் தப்பித்தது. போருக்குப் பிறகும் அங்கே வழிபாடு நடந்தது, விரிவுரை நடந்தது, கச்சேரி நடந்தது.

குண்டுக்குத் தப்பிய கட்டடம் சமாதானக் காலத்தில் தப்பவில்லை.

1968 மே 30

அன்றைய கிழக்கு ஜெர்மனி கம்யூனிஸ்டு ஆட்சியில் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு அப்போது கார்ல் மார்க்ஸ் பெயர். அது நிற்கும் சதுக்கத்துக்கும் அவர் பெயர்தான். அந்தச் சதுக்கத்தில் ஒரு சோஷலிசப் பல்கலைக்கழகம் நவீனமாக எழ வேண்டும் என்று ஆட்சியாளர்கள் விரும்பினார்கள். நடுவில் ஒரு பழைய தேவாலயம் நிற்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

1968 மே 23 அன்று நகர மன்றம் இடிப்புத் திட்டத்துக்கு வாக்களித்தது. எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. அன்றே கடைசி வழிபாடும் நடந்தது. அடுத்த ஒரு வாரத்தில் பீடம், சிற்பங்கள், நினைவுப் பலகைகள் என்று முடிந்ததையெல்லாம் அவசர அவசரமாகக் கழற்றி எடுத்தார்கள். கல்லறைகள் காலி செய்யப்பட்டன. மே 30 காலை பத்து மணிக்கு வெடிவைத்துத் தகர்த்தார்கள். எழுநூறு ஆண்டுக்கு மேல் நின்ற கட்டடம் சில விநாடிகளில் தூசியானது. இடிபாடுகளை ஊருக்கு வெளியே ஒரு மணல் குழியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஜூன் 20 அன்று, லைப்சிக் நகரில் பாக் பெயரில் நடந்த அனைத்துலக இசைப் போட்டியின் நிறைவு விழா. மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது மேடைக்கு மேலிருந்து ஒரு துணி தானாக விரிந்து தொங்கியது. அதில் தேவாலயத்தின் உருவமும், அதை மறுபடி கட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தன. இளம் இயற்பியலாளர்கள் சிலர் கடிகாரக் கருவி வைத்து அதை அமைத்திருந்தார்கள். அந்த நாட்டில் அப்படிச் செய்வது சிறைக்கு டிக்கெட் வாங்குவதற்குச் சமம்.

இப்போது நன்னூலுக்குத் திரும்பிப் பாருங்க. அந்தத் தேவாலயம் கழிந்ததா? இல்லை, கழிக்கப்பட்டது. பிறகு 1970களில் அங்கே எழுந்த கட்டடம் புகுந்ததா? இல்லை, புகுத்தப்பட்டது. தேவாலயத்தின் முகப்பு இருந்த இடத்தருகே, புதிய கட்டடத்தின் வாசலுக்கு மேல் கார்ல் மார்க்ஸ் முகம் கொண்ட ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பத்தை 1974ல் பொருத்தினார்கள். எடை 30 டன்னுக்கும் மேல். பழையதை இடித்தது போதாது, அது இருந்த இடம் கண்ணில் படவும் கூடாது என்பது போல இருந்தது அந்தச் சிற்பம்.

எந்தப் பழமை?

1989ல் லைப்சிக் மக்கள் தெருவில் இறங்கி நடத்திய அமைதிப் போராட்டம் கிழக்கு ஜெர்மன் ஆட்சியின் முடிவுக்கு வழி வகுத்தது. சதுக்கத்துக்கு அகுஸ்டுஸ் சதுக்கம் என்ற பழைய பெயர் திரும்பி வந்தது. பல்கலைக்கழகமும் மார்க்ஸ் பெயரை விட்டது. 1998ல், இடிப்பின் முப்பதாம் ஆண்டில், தேவாலய முகப்பின் வடிவத்தை இரும்புச் சட்டத்தால் வரைந்து அதே இடத்தில் நிறுத்தினார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கோடு. இல்லாத ஒன்றை நினைவூட்ட அது போதுமாக இருந்தது.

சரி, இனி என்ன கட்டுவது? இங்கேதான் உண்மையான விவாதம் தொடங்குகிறது. மாணவர்களே, இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். தேர்வில் உங்களுக்கு உதவப் போவது இதுதான்.

ஒரு தரப்பு, தேவாலயத்தை இருந்தது போலவே கட்ட வேண்டும் என்றது. அநியாயமாக இடித்ததை அப்படியே திருப்பித் தருவதுதான் நியாயம் என்பது அவர்கள் வாதம். அவர்களுக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருந்தது. அதே சாக்சனி மாநிலத்தின் டிரெஸ்டன் நகரில், 1945 குண்டுவீச்சில் இடிந்து விழுந்த ஃபிராவன் தேவாலயத்தை 1994ல் தொடங்கி 2005க்குள் பழைய வடிவத்திலேயே எழுப்பிவிட்டார்கள். மீட்டெடுத்த பழைய கற்கள் கறுப்பாகவும் புதுக் கற்கள் வெளிறியும் இருப்பதை இன்றும் பார்க்கலாம். மருத்துவ நோபல் பரிசு பெற்ற குந்தர் புளோபல் டிரெஸ்டனுக்கும் உதவினார், லைப்சிக் தேவாலயம் மறுபடி எழ வேண்டும் என்றும் குரல் கொடுத்தார்.

இன்னொரு தரப்பு, பல்கலைக்கழகம் இன்றைய மாணவர்களுக்கு, எல்லாச் சமயத்தாருக்கும் சமயம் இல்லாதவர்களுக்கும் உரியது, அதன் நடுவில் முழுத் தேவாலயத்தை ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டது. வகுப்பறை வேண்டும், விழா மண்டபம் வேண்டும் என்றது. பல்கலைக்கழக நிர்வாகம் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. 2003ல் மாநில அரசு தேவாலயத்தை மீட்டுக் கட்டுவதற்கு ஆதரவாக முடிவெடுத்தபோது பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார்.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் முதல் தரப்பின் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. 1968ல் இடிந்த தேவாலயத்தின் முகப்பு 1240ஆம் ஆண்டு முகப்பு அல்ல. அது 1890களில் ஆர்வெட் ரோஸ்பாக் என்ற கட்டடக் கலைஞர் கோதிக் பாணியைப் பின்பற்றிப் புதிதாக அமைத்தது. அதாவது, எல்லாரும் 'பழமை' என்று நினைத்து ஏங்கியதே ஒரு காலத்தில் 'புதுமை'தான். அப்படியென்றால் எந்தப் பழமையைத் திருப்பிக் கட்டுவது? துறவிகளின் தேவாலயத்தையா, லூதர் பேசியதையா, பாக் வாசித்ததையா, ரோஸ்பாக் அழகுபடுத்தியதையா?

இரண்டாவது தரப்பின் வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு. இன்றைய தேவை, இன்றைய மாணவர் என்ற சொற்களைத்தான் 1968ல் இடித்தவர்களும் சொன்னார்கள். அந்த இடத்தில் எந்தச் சுவடும் இல்லாமல் ஒரு சாதாரண நவீனக் கட்டடத்தை எழுப்பினால், இடித்தவர்கள் தொடங்கிய வேலையை இவர்கள் முடித்து வைத்ததாக ஆகிவிடும்.

வெளியே: உடைந்ததை மறைக்காத முகப்பு

2004ல் நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் எரிக் வான் எகராட்டின் வடிவமைப்பு தேர்வானது. 2009ல் பல்கலைக்கழகத்தின் 600ஆம் ஆண்டு விழாவுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். முடியவில்லை. இழுத்துக்கொண்டே போய் 2017 டிசம்பரில்தான் திறந்தார்கள்.

சதுக்கத்திலிருந்து பார்த்தால் செங்குத்தான கூரை, கூர்மையான முக்கோண முகப்பு, கூர்வளைவுச் சாளரம், வட்டச் சாளரம் எல்லாம் இருக்கின்றன. தேவாலயம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் ஏதோ சரியில்லை என்று தோன்றும். சாளரங்கள் நடுக்கோட்டில் இல்லை, சற்றே விலகி நிற்கின்றன. கோடுகள் நேராக ஓடாமல் முறிந்து ஓடுகின்றன. ஒரு பெரிய அதிர்ச்சியில் முகப்பே ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது போல இருக்கிறது. கல்லும் கண்ணாடியும் துண்டு துண்டாகச் சேர்ந்திருக்கின்றன.

இந்த முகப்பை நான் மிகவும் மதிக்கிறேன். இங்கே ஒரு தேவாலயம் இருந்தது என்பதையும், அதற்கு ஏதோ நடந்தது என்பதையும் ஒரே பார்வையில் அது சொல்லிவிடுகிறது. பழையபடியே கட்டியிருந்தால் முதல் செய்தி மட்டும் கிடைத்திருக்கும். 1968 நடக்கவே இல்லை என்பது போல ஆகியிருக்கும். முற்றிலும் புதிதாகக் கட்டியிருந்தால் இரண்டு செய்தியும் கிடைத்திருக்காது. உடைந்த கையை ஒட்டவைத்த பிறகு தழும்பை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். அது நேர்மை.

கூரைக்கு அடியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உயரமான கூரைக்குள் மேல் மாடிகளில் கணிதத் துறையும் கணினித் துறையும் இயங்குகின்றன. கீழே பீடம், மேலே சமன்பாடுகள். பல்கலைக்கழகத்துக்கு இடம் வேண்டும் என்ற இரண்டாவது தரப்பின் கோரிக்கைக்கு இப்படி வழி செய்திருக்கிறார்கள்.

உள்ளே: மெச்சவும் குறைகூறவும்

உள்ளே போனால் எல்லாம் வெள்ளை. பழைய கோதிக் தேவாலயத்தின் வளைவுக் கூரை மறுபடி எழுந்திருக்கிறது. மெல்லிய நரம்புகள் கூரையெங்கும் பின்னிப் படர்ந்திருக்கின்றன. தூண்களுக்குக் கண்ணாடிப் போர்வை, அதற்குள்ளிருந்து ஒளி வருகிறது. அவற்றில் சில தூண்கள் தரை வரை வரவில்லை. கூரையிலிருந்து இறங்கி வந்து, ஆட்களின் தலைக்கு மேல் அந்தரத்தில் நின்றுவிடுகின்றன.

தூண் என்றால் தாங்க வேண்டும். தாங்காத தூணைத் தொங்கவிட்டதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழே விழா பார்க்க உட்காருபவருக்குத் தூண் மறைக்கக் கூடாது என்பது ஒரு நடைமுறைக் காரணம். அதைவிட முக்கியம், அந்தத் தூண் தன்னைப் பார்த்து 'நான் எதையும் தாங்கவில்லை, தாங்கிய தூண் போய்விட்டது' என்று ஒப்புக்கொள்கிறது. பொய்த் தூண்தான், ஆனால் மெய் சொல்கிற பொய்த் தூண்.

என் குறை கூரையைப் பற்றித்தான். வெளியே முறிந்து நிற்கிற கோடுகள் உள்ளே வந்ததும் காணாமல் போய்விடுகின்றன. கூரை ஒரு கீறல்கூட இல்லாமல் மழமழவென்று பளிச்சிடுகிறது. நூற்றாண்டுகளின் புகையும் அழுக்கும் அதில் இல்லை, வெடிச் சத்தமும் இல்லை. 1968 வாசலோடு நின்றுவிட்டது. முகப்பில் தைரியமாகப் பேசிய கட்டடக் கலைஞர் உள்ளே வந்ததும் அழகுக்கு மயங்கிவிட்டார் என்றே நினைக்கிறேன். மணமேடை அலங்காரம் போலச் சில இடங்களில் தெரிகிறது.

அந்தக் குறையை ஈடுசெய்வது எது தெரியுமா? 1968ல் ஒரு வாரத்துக்குள் கழற்றிக் காப்பாற்றிய பொருள்கள். நினைவுப் பலகைகள் பழுதுபார்க்கப்பட்டு மறுபடி சுவருக்கு வந்திருக்கின்றன. இடைக்காலப் பீடம், பல ஆண்டுகள் செயின்ட் தாமஸ் தேவாலயத்தில் இருந்துவிட்டு, வீடு திரும்பியிருக்கிறது. பளபளக்கும் வெள்ளைச் சுவரில் கறுத்து, மூக்கும் விரலும் உடைந்து நிற்கும் அந்தக் கல் முகங்கள்தான் மண்டபத்தின் மனச்சாட்சி. புதிய கட்டடம் சொல்லத் தயங்கியதைப் பழைய கற்கள் சொல்லிவிடுகின்றன.

கண்ணாடிச் சுவர்

கடைசியாக, நம் கட்டுரைக்கு மிகவும் வேண்டிய பகுதி. பீடம் இருக்கும் வழிபாட்டுப் பகுதிக்கும் பல்கலைக்கழக விழா மண்டபத்துக்கும் நடுவில் உயரமான ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. இந்தப் பக்கம் பல்கலைக்கழகம், அந்தப் பக்கம் தேவாலயம். வேண்டும்போது திறக்கலாம், மூடலாம். தேவாலயத் தரப்பு இந்தக் கண்ணாடியை விரும்பவில்லை, ஒரே இடத்தை இரண்டாக வெட்டுகிறது என்றது. பிரசங்க மேடையை எங்கே வைப்பது, வைக்கலாமா என்பதும் நீண்ட சர்ச்சை ஆனது. பெயரிலும் அதே இழுபறி. 'பவுலினும்: விழா மண்டபமும் செயின்ட் பால் பல்கலைக்கழகத் தேவாலயமும்' என்று இரு தரப்பையும் சேர்த்து ஒரு நீளமான பெயரைச் சூட்டினார்கள்.

முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. 'இரு கண்கள்' கட்டுரையைக் கண்ணாடியில் கட்டிவிட்டார்களே என்று நினைத்தேன். ஆளுக்குப் பாதி, பெயரிலும் பாதி.

பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் மாணவர் எழுதும் 'இரு கண்கள்' வரிக்கும் இந்தக் கண்ணாடிக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. மாணவரின் வரி, சண்டையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறது. கண்ணாடியோ, சண்டை இன்னும் தீரவில்லை என்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நிற்கிறது. சமரசம் செய்வது தப்பில்லை. எந்த இடத்தில் சமரசம் செய்தோம், யார் எதை விட்டுக்கொடுத்தார் என்று தெரியும்படி செய்ய வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் தெரிய வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். பவுலினும் குறையில்லாத கட்டடம் அல்ல. உள்ளே அழகு கொஞ்சம் அதிகம், நினைவு கொஞ்சம் குறைவு. ஆனாலும் டிரெஸ்டனைவிட லைப்சிக் எடுத்த வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. கழிக்கப்பட்ட ஒன்றைக் கழியவே இல்லை என்று நடிக்காமல், அது கழிக்கப்பட்ட விதத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் இதை மறுக்கலாம். டிரெஸ்டன் தேவாலயம் போரில் அழிந்தது, லைப்சிக் தேவாலயம் சொந்த அரசாங்கத்தாலேயே அழிந்தது, இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று ஒரு மாணவர் வாதிட்டால் நான் மகிழ்ச்சியோடு மதிப்பெண் போடுவேன்.

நம் ஊரில் போய்ப் பாருங்கள்

லைப்சிக் போக முடியாவிட்டால் பரவாயில்லை. சிங்கப்பூரில் பாடாங் எதிரே இருக்கும் தேசிய கலைக்கூடத்துக்குப் போங்கள். அது பல்கலைக்கழகம் இல்லைதான், ஆனால் கேள்வி ஒன்றே. 1929ல் முடிந்த நகர மண்டபம் ஒன்று, 1939ல் முடிந்த பழைய உச்ச நீதிமன்றம் ஒன்று. இரண்டும் தேசியச் சின்னங்கள். 1945ல் ஜப்பானியர் சரணடைந்த சடங்கும், 1959ல் சுயாட்சி பெற்ற சிங்கப்பூரின் முதல் அமைச்சரவை பதவியேற்றதும் நகர மண்டபத்தில்தான். ஸ்டுடியோ மிலு என்ற நிறுவனத்தின் வடிவமைப்பில் இரண்டையும் இணைத்து, 2015 நவம்பரில் கலைக்கூடமாகத் திறந்தார்கள்.

அங்கே போனால் மாணவர்களைச் சும்மா சுற்றிப் பார்க்கவிடாதீர்கள். நான்கு கேள்விகளைக் கொடுங்கள்.

ஒன்று, இரண்டு பழைய கட்டடங்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை எப்படி மூடியிருக்கிறார்கள்? மேலே போர்வை போல விரிந்திருக்கும் உலோகக் கண்ணாடிக் கூரையையும் அதைத் தாங்கும் மரம் போன்ற தூண்களையும் பாருங்கள். அந்தத் தூண்கள் உண்மையிலேயே தாங்குகின்றனவா? லைப்சிக் தூண்களோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டு, பழைய சுவரும் புதிய பாலமும் சந்திக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறதா, மறைத்திருக்கிறார்களா?

மூன்று, பழைய நீதிமன்றத்தில் கைதிகளை அடைத்து வைத்த சிறு அறைகள் இன்னும் இருக்கின்றன. ஓவியம் மாட்டுகிற இடத்தில் அவற்றை ஏன் விட்டுவைத்தார்கள்? எடுத்திருந்தால் எதை இழந்திருப்போம்?

நான்கு, இங்கே எது கழிந்தது, எது கழிக்கப்பட்டது? நீதிமன்றம் புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்த பிறகு காலியான இடத்துக்குக் கலை வந்தது. அது புகுந்ததா, புகுத்தப்பட்டதா?

நான்காவது கேள்விக்கு ஒரே விடை கிடையாது. வகுப்பை இரண்டாகப் பிரித்துப் பேசவிடுங்கள். தன்வினை, பிறவினை பாடத்தை அன்றைக்குத் தனியாக நடத்தவே வேண்டாம், பிள்ளைகள் தாங்களே பிடித்துக்கொள்வார்கள்.

தேர்வெழுதும் உங்களுக்கு

அடுத்த முறை இந்தத் தலைப்பு வந்தால் இப்படிச் செய்து பாருங்கள். பொதுவாகப் பழமை, புதுமை என்று தொடங்காதீர்கள். ஒரு கட்டடத்தை, ஒரு தெருவை, ஒரு வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தானாக மறைகிறதா, யாராவது மறைக்கிறார்களா என்று கேளுங்கள். இரு தரப்பின் வாதத்தையும் சொல்லுங்கள், இரண்டிலும் இருக்கும் ஓட்டையையும் காட்டுங்கள். பிறகு ஒரு பக்கம் நில்லுங்கள். சமரசம்தான் உங்கள் முடிவு என்றால், யார் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

'இரு கண்கள்' என்று எழுதியே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு அடுத்து இன்னும் ஒரு வரி சேருங்கள்: இரண்டு கண்ணும் எதைப் பார்க்கின்றன என்று. அந்த வரிக்காகத்தான் நாங்கள் திருத்தும்போது காத்துக்கொண்டிருக்கிறோம்.